கல்லாப்பெட்டியும் ஒலிநாடாவும்: சிகாகோவின் டெல்மார்க் இசைத்தட்டு நிறுவனம், 1953–2018

சிகாகோவில் 1960களின் நடுவில் ப்ளூஸ் பதிவுசெய்துகொண்டிருந்த நிறுவனங்களில் செஸ், வீ-ஜே இரண்டும் பெரியவை. செஸ் கையில் மடி வாட்டர்ஸும் சக் பெர்ரியும் இருந்தார்கள். வீ-ஜே ஒரு கட்டத்தில் பீட்டில்ஸையே விற்றது. வீ-ஜே 1966இல் திவாலானது. செஸ் 1969இல் வேறு நிறுவனத்திடம் போனது, அதே ஆண்டு அக்டோபரில் லெனர்ட் செஸ் இறந்தார், அடுத்த சில ஆண்டுகளில் அந்தப் பெயர் ஒரு பழைய பதிவுக் கிடங்காகச் சுருங்கியது. இவற்றின் அருகே மிகச் சிறியதாக இருந்த டெல்மார்க், தொடங்கியவரின் கையிலேயே 2018 வரை, அதாவது 65 ஆண்டுகள் இருந்தது. ஒரு நாட்டையே ஆட்டிவைத்த வெற்றிப் பாடல் அதனிடம் ஒன்றுகூட இல்லை.

அதை நடத்திய பாப் கெஸ்டருக்கு நல்ல காது இருந்தது என்பது உண்மைதான். ஆனால் நல்ல காது உள்ளவர்கள் நடத்திய எத்தனையோ நிறுவனங்கள் நான்கைந்து ஆண்டுகளில் மூடியிருக்கின்றன. டெல்மார்க் பிழைத்ததற்கு வேறொரு காரணம் உண்டு: அதன் முன்வாசலில் ஒரு கடை இருந்தது. இந்த ஆய்வு அந்தக் கடைக்கும் ஒலிநாடாவுக்கும் இடையே இருந்த கணக்கைப் பற்றியது.

செயின்ட் லூயிஸ்

கெஸ்டர் 1932இல் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்தவர். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே விடுதி அறையிலிருந்து பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) தட்டுகளை வாங்கி விற்றார். ரான் ஃபிஸ்டர் என்ற நண்பரோடு சேர்ந்து கடை போட்டார். 1953இல், 21 வயதில், வின்டி சிட்டி சிக்ஸ் என்ற மரபு ஜாஸ் குழுவைப் பதிவுசெய்து லேபிளை, அதாவது இசைத்தட்டு நிறுவனத்தை, தொடங்கினார். செயின்ட் லூயிஸின் டெல்மார் பூல்வார்டு என்ற சாலையின் பெயரே லேபிளுக்கும் வந்தது. அந்தப் பெயரில் வேறொருவருக்கு வணிக உரிமை இருந்ததால் கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்து டெல்மார்க் ஆனது.

வரிசை எண்களைப் பார்த்தாலே அவருடைய ரசனை எத்தனை கிளையாகப் பிரிந்தது என்று தெரியும். 200இல் தொடங்குவது மரபு ஜாஸ். 400 என்றால் நவீன ஜாஸ். 600 ப்ளூஸ். எண்ணுக்கு முன்னால் டி.எல். என்றிருந்தால் மோனோ, டி.எஸ். என்றிருந்தால் ஸ்டீரியோ. பழைய தட்டு வாங்குபவர்கள் இன்றும் இந்த முன்னெழுத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

600 வரிசையின் முதல் எண்கள் எல்லாம் 1920, 30களில் பதிவுசெய்துவிட்டுப் பிறகு உலகம் மறந்துபோன மனிதர்களுக்குப் போயின. 601 ஸ்பெக்கிள்ட் ரெட், பியானோ வாசித்தவர், 1929இலேயே ‘தி டர்ட்டி டசன்ஸ்’ பாடியவர், செயின்ட் லூயிஸில் வாழ்ந்துகொண்டிருந்தார். 602 பிக் ஜோ வில்லியம்ஸ், ஒன்பது தந்தி கிட்டார்க்காரர். 603 ஸ்லீப்பி ஜான் எஸ்டிஸ். எஸ்டிஸ் இறந்துவிட்டார் என்றே ப்ளூஸ் உலகம் நம்பியிருந்தது. 1962இல் டென்னசியின் பிரவுன்ஸ்வில்லில் பார்வையிழந்து, வறுமையில் வாழ்ந்துகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்து சிகாகோவுக்கு அழைத்துவந்து பதிவுசெய்தார்கள். பழைய ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்குப் பணம் அதிகம் தேவையில்லை. பொறுமையும், யார் எந்த ஊர்க்காரர் என்ற நினைவும்தான் தேவை. ஒரு கிட்டார், ஒரு குரல், ஒரு மைக், ஒரு பிற்பகல் போதும். சிறிய லேபிள் ஒன்றுக்கு இதைவிடக் குறைந்த செலவில் தொடங்கும் வழி கிடையாது.

கடை போட்ட சோறு

1958இல் கெஸ்டர் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1959இல் வாபாஷ் அவென்யூவில், ரூஸ்வெல்ட் பல்கலைக்கழகக் கட்டடத்தில் இருந்த சீமோர்ஸ் என்ற ஜாஸ் தட்டுக்கடையை விலைக்கு வாங்கினார். 1963இல் அது கிராண்ட் அவென்யூவுக்கு மாறி ஜாஸ் ரெக்கார்ட் மார்ட் ஆனது. பின்னர் பல முகவரிகள் மாறினாலும் பெயர் 2016 வரை மாறவில்லை.

தனி லேபிள்கள் எங்கே உடைகின்றன என்று தெரிந்தால்தான் இந்தக் கடையின் மதிப்பு புரியும். இசைத்தட்டு அச்சடிக்கும் ஆலைக்கு உடனடியாகவோ 30 நாளிலோ பணம் தர வேண்டும். தட்டை விநியோகஸ்தருக்கு அனுப்பினால் அவர் 90 நாளுக்குப் பிறகு கொஞ்சம் தருவார், விற்காததைத் திருப்பி அனுப்புவார், அடுத்த தட்டு வரும்வரை மீதியை இழுத்தடிப்பார். தட்டு ஓடாவிட்டால் நட்டம் கைக்கு அடக்கமானது. தட்டு ஓட ஆரம்பித்தால்தான் ஆபத்து. ஆயிரம் விற்றதும் பத்தாயிரம் அச்சடிக்க வேண்டும், அதற்கான பணம் ஆலைக்கு இன்றே வேண்டும், விற்ற ஆயிரத்தின் பணம் மூன்று மாதம் கழித்துத்தான் வரும். வீ-ஜே அப்படிச் சிக்கிக்கொண்டதற்கு ஃபோர் சீசன்ஸும் பீட்டில்ஸும் அதன் கையில் இருந்ததே ஒரு காரணம். விற்பனை அதிகரித்தது, ராயல்டி (விற்பனையில் கலைஞருக்குரிய பங்கு) பாக்கி அதிகரித்தது, வழக்குகள் வந்தன, கையில் காசு மட்டும் இல்லை.

கெஸ்டரிடம் கல்லாப்பெட்டி இருந்தது. தன்னுடைய தட்டை விநியோகஸ்தருக்கு மொத்த விலைக்கு அனுப்புவதோடு தன் கடையில் முழு விலைக்கும் விற்றார். பணம் அன்றைக்கே கையில் வந்தது. மற்ற லேபிள்களின் தட்டுகளை விற்ற லாபத்தில் வாடகையும் சம்பளமும் போனது. அடுத்த பதிவுக்கான ஸ்டுடியோ செலவும் அதிலிருந்தே வந்தது. ஆண்டுக்கு எத்தனை பதிவு செய்யலாம் என்பதைக் கடை வருமானம்தான் தீர்மானித்தது. அதனால் டெல்மார்க் எப்போதும் மெதுவாகவே நகர்ந்தது, ஆழம் தெரியாமல் காலை விடவில்லை.

இன்னொரு பலன் பண விஷயத்தைவிட முக்கியமானது என்று கருதுகிறோம். கடைக்கு வரும் ஆட்கள் எதைக் கேட்கிறார்கள், எது கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறார்கள் என்பது முதலாளியின் காதில் நேரடியாக விழுந்தது. 1960களில் வெள்ளையின மாணவர்கள் ப்ளூஸ் தட்டு தேடி வரத் தொடங்கியதை அவர் மேசைக்குப் பின்னால் நின்றே பார்த்தார். அவர்கள் கேட்டவை 45 ஆர்பிஎம் தனிப்பாடல்கள் அல்ல, பல பாடல்கள் அடங்கிய முழுநீள எல்.பி. தட்டுகள். அந்த எல்.பி.கள் அப்போது சந்தையிலேயே இல்லை.

எண் 612

அக்காலத்து மின்சார ப்ளூஸ் எல்.பி.கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஜூக்பாக்ஸுக்காக (காசு போட்டால் பாடும் பெட்டி) வெளியான தனிப்பாடல்களின் தொகுப்புகள். 1958இல் செஸ் வெளியிட்ட மடி வாட்டர்ஸ் எல்.பி. அப்படித்தான். தனிப்பாடல் என்றால் இரண்டரை, மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். கிட்டார்க்காரர் ஒரு சுற்று வாசித்ததும் பாடகர் திரும்ப வந்துவிடுவார். தெற்குச் சிகாகோவின் தெரசாஸ் லவுஞ்ச் என்ற கிளப்பில் பாடகர் ஜூனியர் வெல்ஸ் இரவில் நடத்திய கச்சேரிக்கும் இந்தத் தனிப்பாடல்களுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை எல்.பி.யில் நிரப்ப கெஸ்டர் முடிவுசெய்தார். அப்படி 612ஆம் எண்ணில் வந்ததுதான் வெல்ஸின் ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’.

1965 செப்டம்பர் 22, 23 ஆகிய இரண்டு நாள். சவுண்ட் ஸ்டுடியோஸ், ஒலிப்பதிவாளர் ஸ்டூ பிளாக். வெல்ஸ் பாட்டும் மவுத் ஆர்கனும். பட்டி கய் கிட்டார். ஜாக் மையர்ஸ் பேஸ். பில்லி வாரன் டிரம்ஸ். நான்கே பேர், பியானோ இல்லை, இரண்டாவது கிட்டார் இல்லை. நிமிடக் கணக்கு பார்க்க வேண்டாம் என்று தயாரிப்பாளரான கெஸ்டர் சொல்லிவிட்டார். பியானோ இல்லாததன் விளைவைக் கூர்ந்து கேட்டால் உணரலாம்: பாட்டுக்கு நடுவே வெற்றிடம் இருக்கிறது, அதை கய் நிரப்பாமல் விட்டுவைக்கிறார், ஒரு சிறிய துணுக்கை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துகிறார். எல்லோரும் ஒரே அறையில் ஒருவரையொருவர் பார்த்து வாசித்ததால் கிடைத்த அமைதி அது.

பதிவின் நடுவே கய்யின் ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி) பழுதானது. அதைச் சரிசெய்யும்வரை குழுவைச் சும்மா உட்காரவைத்தால் ஸ்டுடியோ மணிக்கணக்குக்குக் காசு போகும், குழுவின் சூடும் ஆறிவிடும். ஸ்டூ பிளாக் கிட்டாரை அங்கிருந்த ஹம்மண்ட் ஆர்கனின் லெஸ்லி ஸ்பீக்கரோடு இணைத்தார். லெஸ்லி பெட்டிக்குள் உயர்சுருதிக்கான கொம்பு மோட்டாரால் சுழலும். ஒலி கேட்பவரை நோக்கி வரும்போது சுருதி சற்று ஏறும், விலகும்போது இறங்கும், கூடவே ஒலியளவும் அலைபோல ஏறி இறங்கும். கிட்டாரை அதில் விட்டால் தண்ணீருக்குள் வாசிப்பது போன்ற நடுக்கம் வரும். தட்டில் சில பாடல்களில் கேட்கும் அந்த ஒலி யாரும் திட்டமிட்டதல்ல. பழுது என்று பதிவைத் தள்ளிப்போட்டிருந்தால் அது கிடைத்திருக்காது.

இன்னொரு சிக்கல் சட்டத்தில். கய் செஸ் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கட்டுண்டவர் என்று கெஸ்டர் நினைத்தார். ஒப்பந்தக் கலைஞரின் பெயரை அட்டையில் போட்டால் செஸ் வழக்குப் போடலாம். அதனால் முதல் அச்சில் கிட்டார்க்காரரின் பெயர் ‘ஃப்ரெண்ட்லி சாப்’ என்று வந்தது. ஆங்கிலத்தில் பட்டி என்றால் நண்பன், அதற்கு ஈடாக ஃப்ரெண்ட்லி; கய் என்றால் ஆள், அதற்கு ஈடாக சாப். பின்னர் வந்த அச்சுகளில் உண்மைப் பெயரே போட்டார்கள். பழைய அச்சை அடையாளம் காண சேகரிப்பாளர்களுக்கு இது ஒரு குறி.

‘ஹூடூ மேன் ப்ளூஸ்’ என்ற அந்தத் தட்டுதான் டெல்மார்க்கின் எல்லாக் காலத்துக்குமான அதிக விற்பனைத் தட்டு. ஆனால் அது ஒரே ஆண்டில் விற்றுத் தீர்ந்த வகை அல்ல. அரை நூற்றாண்டுக்கு மேல் விற்றுக்கொண்டே இருந்த வகை. 2008இல் கிராமி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இதே முறையில் மேற்குச் சிகாகோவின் கிட்டார்க்காரர்கள் வந்தார்கள்: மேஜிக் சாமின் ‘வெஸ்ட் சைட் சோல்’ 1967இல் இரண்டு அமர்வுகளில் பதிவானது, 1968இல் ‘பிளாக் மேஜிக்’. சாம் 1969 டிசம்பர் 1 அன்று, 32 வயதில், மாரடைப்பில் இறந்தார். அவர் வாழ்ந்த காலத்தில் செய்த முழு எல்.பி.கள் இந்த இரண்டுதான். ஜிம்மி டாக்கின்ஸ், லூதர் அலிசன், ஜே.பி. ஹட்டோ ஆகியோரின் டெல்மார்க் தட்டுகளும் 1968, 69 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஒரு நகரத்தின் ஒரு தலைமுறை ஒலி ஏறக்குறைய நான்கு ஆண்டுகளில் நாடாவில் ஏறிவிட்டது.

ஒரு பக்கத்தில் எவ்வளவு ஏறும்

நீண்ட பாடலுக்கு இடம் கொடுப்பது என்பது வெறும் மனப்போக்கு அல்ல, வெட்டும் ஊசியின் பிரச்சினையும்கூட. 33⅓ ஆர்பிஎம் எல்.பி.யின் ஒரு பக்கத்தில் 18 முதல் 20 நிமிடம் வசதியாக ஏறும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும். பேஸும் டிரம்ஸும் பலமாக இருந்தால் பள்ளம் அகலமாகப் பக்கவாட்டில் ஆடும், அடுத்த பள்ளத்தின் சுவரில் இடிக்கும். அதைத் தவிர்க்க ஒலியளவைக் குறைத்தால் தட்டின் உரசல் சத்தம் முன்னுக்கு வரும்.

பக்கத்தின் முடிவிலும் ஒரு தொல்லை காத்திருக்கிறது. 12 அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ., தட்டின் நடுவே ஒட்டிய தாளுக்கு அருகே அது சுமார் 21 செ.மீ. அதே ஒலியை அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் பொறிக்க வேண்டியிருப்பதால், உச்சத்தில் ஊதும் மவுத் ஆர்கனும் பித்தளைத் தாளங்களும் கரகரக்கும். ஆகவே பக்கத்தைத் தொடங்க ஆரவாரமான பாட்டு, முடிக்க மெதுவான பாட்டு என்று வரிசைப்படுத்துவது வழக்கம். பாட்டு முழுவதுமாக உச்சத்தில் முடிகிற கச்சேரிப் பதிவுகளுக்கு இந்த வழி கைகொடுக்காது; அங்கே பக்கத்தின் நீளத்தைக் குறைப்பது ஒன்றே மருந்து.

400 வரிசை: விற்காது என்று தெரிந்தே செய்தது

1965இல் சிகாகோவில் ஏ.ஏ.சி.எம். என்ற இசைக்கலைஞர் கூட்டமைப்பு உருவானது. முஹல் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ், ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், ஃபில் கோரன் ஆகியோர் தொடங்கியது. கறுப்பினக் கலைஞர்கள் தங்களுடைய சொந்த இசையை, தங்களுடைய சொந்த ஏற்பாட்டில் வாசிக்க அமைத்துக்கொண்ட அமைப்பு. கிளப் உரிமையாளர்களுக்கு இந்த இசை வேண்டாம், பெரிய லேபிள்களுக்கு இவர்கள் பெயரே தெரியாது. ஜாஸ் ரெக்கார்ட் மார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த சக் நெசா என்ற இளைஞர் இதைக் கேட்டுவிட்டு, பதிவுசெய்தே தீர வேண்டும் என்று நின்றார். கெஸ்டருக்கு இந்த இசை உடனே பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஸ்டுடியோவுக்குக் காசு கொடுத்தார்.

ராஸ்கோ மிட்செலின் ‘சவுண்ட்’, 1966 ஆகஸ்டில் இரண்டு நாள் பதிவு, எண் 408. ஏ.ஏ.சி.எம். இசை தட்டில் வெளிவந்தது இதுதான் முதல் முறை. இங்கே எல்.பி. பக்கத்தின் நீளம் மறுபடியும் முக்கியமாகிறது. தலைப்புப் பாடலை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வாசித்திருந்தார்கள். எல்.பி.யின் ஒரு பக்கத்துக்காக அவற்றை வெட்டி ஒட்டி ஒன்றாக்கினார்கள். பின்னால் சி.டி. வந்தபோது, 74 நிமிடம் வரை இடமிருந்ததால், அவற்றைத் தனித்தனியாக முழுமையாகக் கொடுத்தார்கள். எல்.பி.யை மட்டும் கேட்டவர்களும் சி.டி.யை மட்டும் கேட்டவர்களும் ஒரே பெயரில் வேறுவேறு இசையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை விமர்சனங்களைப் படிக்கும்போது மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜோசப் ஜார்மன், ஏப்ரம்ஸ், கலபருஷா மாரிஸ் மெக்கின்டயர், ஆன்டனி பிராக்ஸ்டன் என்று வரிசை தொடர்ந்தது. பிராக்ஸ்டனின் ‘ஃபார் ஆல்டோ’ 1969இல் பதிவாகி 1971இல் வந்தது. இரட்டை எல்.பி., நான்கு பக்கம், ஆல்டோ சாக்ஸபோன் ஒன்றே ஒன்று, துணைக்கு ஒருவரும் இல்லை. தனி சாக்ஸபோனுக்காக மட்டும் முழு ஆல்பம் என்ற வழக்கம் அப்போது உலகில் எங்கும் இல்லை. இப்படி ஒன்றை வெளியிடும் துணிவு, நாளைக்கே விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாதவர்களுக்குத்தான் வரும். ப்ளூஸ் தட்டுகளும் கடையும் அந்த நெருக்கடியைத் தாங்கிக்கொண்டன.

பணத்தின் இன்னொரு நுட்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் 1909ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஏற்கெனவே பதிவான ஒரு படைப்பைத் தட்டில் சேர்க்க, பாட்டை எழுதியவருக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் ஒரு தட்டுக்கு ஒரு பாட்டுக்கு 2 சென்ட். பாட்டு எவ்வளவு நீளம் என்பது கணக்கில் வராது. ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’ போல 12 பாடல் உள்ள தட்டுக்கு இந்த விகிதத்தில் 24 சென்ட், ஆயிரம் தட்டுக்கு 240 டாலர். ‘சவுண்ட்’ போல மூன்றே படைப்புகள் உள்ள தட்டுக்கு 6 சென்ட், ஆயிரத்துக்கு 60 டாலர். இருபது நிமிடம் ஓடும் படைப்பை எழுதியவருக்கு இரண்டு நிமிடப் பாட்டுக்காரர் பெற்ற அதே 2 சென்ட்தான். லேபிளுக்கு இது லாபம், நீண்ட வடிவில் எழுதிய ஜாஸ்காரர்களுக்கு அப்பட்டமான அநியாயம். 1978இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கட்டணம் 2.75 சென்ட் அல்லது நிமிடத்துக்கு அரை சென்ட், எது அதிகமோ அது என்றானது. அதே இருபது நிமிடப் படைப்புக்கு 10 சென்ட். சிறிய லேபிளின் வரவுசெலவைப் படிப்பவர்கள் இந்த ஆண்டை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வாங்கிய நாடாக்கள்

மூடிப்போன நிறுவனங்களின் மாஸ்டர் நாடாக்களை (தட்டு வெட்டுவதற்கான மூலப் பதிவுகளை) வாங்குவது டெல்மார்க்கின் இரண்டாவது தூண். புதிய பதிவுக்கு ஸ்டுடியோ, கலைஞர் சம்பளம், பல மாதக் காத்திருப்பு எல்லாம் வேண்டும். பழைய மாஸ்டருக்கு ஒரே தவணையில் விலை. டாம் வில்சன் நடத்திய டிரான்சிஷன் நிறுவனம் மூடியபின் ஜாஸ் கலைஞர் சன் ரா 1956இல் அங்கே செய்த பதிவுகள் டெல்மார்க்குக்கு வந்தன. ஒன்றை ‘சன் சாங்’ என்ற புதுப்பெயரில் வெளியிட்டார்கள். இன்னொன்று டிரான்சிஷன் வெளியிடாமலேயே கைவிட்ட பதிவு; அது 1968இல் ‘சவுண்ட் ஆஃப் ஜாய்’ என்று முதன்முறையாக வெளிச்சம் கண்டது. 12 ஆண்டு பெட்டியில் கிடந்த இசை.

1970களில் சிகாகோவின் யுனைடெட், ஸ்டேட்ஸ் லேபிள்களின் பதிவுகளும் வந்து சேர்ந்தன. கறுப்பினத்தவரான லெனர்ட் ஆலன் 1950களில் நடத்தியவை. ஜிம்மி ஃபாரஸ்டின் ‘நைட் டிரெயின்’ அங்கே பிறந்தது. ஜூனியர் வெல்ஸ் தன் இளமையில், 1953இல், ‘ஹூடூ மேன்’ பாட்டை முதலில் பதிவுசெய்ததும் ஸ்டேட்ஸுக்குத்தான். அதை 1970களின் பிற்பாதியில் ‘ப்ளூஸ் ஹிட் பிக் டவுன்’ என்ற தட்டில் டெல்மார்க் சேர்த்தது. 12 ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் பாடிய ஒரே பாட்டின் இரு வடிவங்களும் ஒரே கிடங்குக்கு வந்துவிட்டன.

பழைய நாடா வாங்கும்போது நடைமுறையில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது காகிதம். நாடா கைக்கு வந்தாலும் கலைஞரின் ஒப்பந்தம் கூடவே வராவிட்டால் ராயல்டி யாருக்கு, எத்தனை விழுக்காடு என்று தெரியாது. விற்பனைப் பத்திரத்தில் பாடல்வாரியாகப் பட்டியல் இல்லையென்றால் பிறகு வேறொருவர் உரிமை கோருவார். இரண்டாவது, எந்த நாடா மூலம் என்பது. பெட்டியில் மாஸ்டர் என்று எழுதியிருந்தாலும் அது தட்டு வெட்டும் அறைக்காகத் தொனியும் ஒலியளவும் மாற்றிய இரண்டாம் தலைமுறை நகலாக இருக்கலாம். ஒட்டுப்போட்ட இடங்கள் நாடாவிலேயே இருந்தால் மூலம். ஒட்டு இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடினால் நகல் என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது நாடாவின் உடல்நிலை. 1950களின் அசிடேட் நாடா வினிகர் வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது. சுருங்கி, ஓரம் அலையலையாகி, ஒலித்தலையில் சரியாகப் படியாது. அதை ஒருபோதும் அடுப்பில் வைக்கக்கூடாது. 1970களின் நடுவிலிருந்து வந்த, பின்பக்கப் பூச்சுள்ள சில நாடாக்களின் நோய் வேறு: பிசின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகி, ஓட்டும்போது கீச்சிட்டு நின்றுவிடும். அதற்குச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றி, ஆறவைத்து, உடனே டிஜிட்டலுக்கு மாற்றுவார்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அசிடேட்டைச் சூடேற்றினால் முதலுக்கே மோசம். இரண்டு வகைக்கும் பொதுவான தொல்லை ஒட்டுத்துண்டு: பசை காய்ந்து முதல் ஓட்டத்திலேயே பிரியும். ஓட்டுவதற்கு முன் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு ஒட்டையும் புதுப்பிக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னவை

டெல்மார்க்கின் குறைகளை மறைத்து எழுதினால் இந்த ஆய்வுக்குப் பயனில்லை. கெஸ்டரின் வேகம் கடையின் வேகம். ஆண்டுக்குச் சில பதிவுகளுக்கு மேல் அவரால் முடியாது. சிகாகோவில் அன்றைக்குப் பதிவுக்குத் தகுதியானவர்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். டெல்மார்க்கில் சரக்கு அனுப்பும் வேலை பார்த்த புரூஸ் இக்லாவர், ப்ளூஸ் கிட்டார்க்காரர் ஹவுண்ட் டாக் டெய்லரைப் பதிவுசெய்யும்படி கெஸ்டரை வற்புறுத்தினார். கெஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. இக்லாவர் தனக்குக் குடும்பச் சொத்தாக வந்த 2,500 டாலரைப் போட்டு 1971இல் இரண்டு இரவில் பதிவுசெய்து, ஆயிரம் தட்டு அச்சடித்து அலிகேட்டர் என்ற லேபிளைத் தொடங்கினார். தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வானொலி நிலையங்களுக்கு நேரில் போனார். இசைக்குழுவின் பயணங்களையும் தானே ஏற்பாடுசெய்தார். அலிகேட்டர் சில ஆண்டுகளில் டெல்மார்க்கைவிடப் பெரிதானது.

இந்த இரண்டு வழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அலிகேட்டர், கலைஞரின் தொழில் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டு தட்டை ஊர்ஊராகத் தள்ளியது. டெல்மார்க், நல்ல பதிவைச் செய்துவிட்டு, அதை அலமாரியிலிருந்து எடுத்துவிடாமல் காத்திருந்தது. உயிரோடு இருக்கும் கலைஞருக்கு முதல் வழி நல்லது. கச்சேரி வாய்ப்பு வருகிறது, இன்றைக்கே வயிறு நிறைகிறது. டெல்மார்க்கில் பதிவுசெய்த பலர் வேறு லேபிளைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம், அதில் அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை.

சக் நெசாவும் 1967இல் வெளியேறித் தன் பெயரிலேயே லேபிள் தொடங்கி லெஸ்டர் போவியையும் மிட்செலையும் தொடர்ந்து பதிவுசெய்தார். கடை எழுத்தர்களில் ஒருவரான மைக்கேல் ஃபிராங்க் பின்னர் இயர்விக் லேபிளைத் தொடங்கினார். மவுத் ஆர்கன் கலைஞர் சார்லி மசல்வைட் கடையில் வேலை பார்த்தவர்; பிக் ஜோ வில்லியம்ஸோடு கடையின் நிலவறையில் தங்கியவர். 1970இல் தொடங்கிய ‘லிவிங் ப்ளூஸ்’ இதழை நிறுவியவர்களில் இக்லாவரும் ஒருவர். குறைந்த சம்பளத்தில் நின்ற பையன்கள் அந்தக் கடையில் சரக்கு எண்ணவும், ஆலையோடு பேசவும், விநியோகஸ்தரிடம் பாக்கி வசூலிக்கவும், எந்தக் கிளப்பில் எந்த இரவு யார் வாசிப்பார் என்றும் கற்றுக்கொண்டார்கள்.

கடை மூடியபின்

1971இல் லேபிளின் அலுவலகம் லிங்கன் அவென்யூவுக்கும், 1990களில் ராக்வெல் தெருவுக்கும் போனது. அங்கே ரிவர்சைடு என்ற சொந்த ஸ்டுடியோ அமைந்தது. சொந்த ஸ்டுடியோ வந்ததும் மணிக்கணக்குச் செலவு குறைந்தது. ஃபிரெட் ஆண்டர்சன், நிக்கோல் மிட்செல், ஜெஃப் பார்க்கர் என்று ஏ.ஏ.சி.எம். மரபையும் அதைச் சுற்றியும் வந்தவர்கள் மறுபடி டெல்மார்க்கில் பதிவானார்கள். லுரி பெல், சில் ஜான்சன் ஆகியோரின் ப்ளூஸ் தட்டுகளும் இந்தக் காலத்தவை.

ஆனால் கல்லாப்பெட்டி மெலிந்தது. மக்கள் இணையத்தில் வாங்கத் தொடங்கினார்கள், பிறகு வாங்குவதையே நிறுத்திக் கேட்க மட்டும் தொடங்கினார்கள். நகர மையத்தில் வாடகை ஏறியது. 2016 பிப்ரவரியில் ஜாஸ் ரெக்கார்ட் மார்ட் மூடியது. சரக்கு மொத்தமாகக் கைமாறியது. லேபிளைத் தாங்கிய தூண் போனபின் அதை ஒரே குடும்பம் நடத்துவது கடினம். 2018இல் சிகாகோவின் இசைக்கலைஞர்களான ஜூலியா மில்லரும் எல்பியோ பாரிலாரியும் லேபிளை, ஸ்டுடியோவும் கட்டடமும் கையிருப்பும் சேர்த்து, வாங்கினார்கள்.

அவர்கள் வாங்கியதில் விலைமதிப்பு மிக்கது பழைய நாடாக்களின் உரிமை. 1972 பிப்ரவரி 15க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் அதுவரை கூட்டாட்சிப் பாதுகாப்பு இல்லை, மாநிலச் சட்டங்கள்தான். அவர்கள் வாங்கிய அதே 2018இல் வந்த சட்டம் அவற்றைக் கூட்டாட்சிப் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. 1957 முதல் 1972 பிப்ரவரி வரை வெளியானவற்றுக்கு 2067 பிப்ரவரி வரை காலம் கிடைத்தது. ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’, ‘வெஸ்ட் சைட் சோல்’, ‘சவுண்ட்’, ‘ஃபார் ஆல்டோ’ எல்லாம் அந்த எல்லைக்குள் வருகின்றன. இணைய வானொலிகளில் அவை ஓடினால் இனி வருமானம் உண்டு, அதில் வாசித்தவர்களுக்கும் பங்கு உண்டு.

கெஸ்டர், கடை மூடிய அதே 2016இல், 83 வயதில், இர்விங் பார்க் சாலையில் பாப்ஸ் ப்ளூஸ் அண்ட் ஜாஸ் மார்ட் என்று சிறிய கடை ஒன்றைத் திறந்தார். லேபிளை விற்ற பிறகும் கடையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 2021 மே 12 அன்று சிகாகோவில் இறந்தார்.